பேப்பர் வித்த பையன் பேர்ல ஏழரை கோடி ரூபாய் கார்... யார் இந்த ஹென்றி ராய்ஸ்?

புதுச்சேரியில் இருந்து கடலூர் போற சாலையில், அரியாங்குப்பம் தாண்டினால் நோணாங்குப்பம். சுண்ணாம்பாறு படகு குழாமுக்கு வர்ற சுற்றுலாப் பயணிகளால் சனி, ஞாயிறு ஆனா அந்தச் சாலை நிரம்பி வழியும். அங்க கொஞ்ச நேரம் ஓரமா நின்னு பார்த்தா, விதவிதமான வெளிநாட்டு கார்கள் கண்ணில் படும். அதுல எப்பவாவது ஒரு ரோல்ஸ் ராய்ஸ் வந்துட்டா போதும், டீ குடிக்கிறவர் கிளாஸை கீழே வெச்சிட்டு செல்போனைக் கையில் எடுத்துடுவார்.

சொகுசு காருக்கும் புதுச்சேரிக்கும் இன்னொரு சம்பந்தமும் இருக்கு. பி.ஒய் என்று தொடங்கும் நம்பர் பிளேட். இங்கே சாலை வரி குறைவு என்பதால், பக்கத்து மாநிலத்துக்காரர்கள் விலை உயர்ந்த கார்களைப் புதுச்சேரி முகவரியில் பதிவு செய்கிறார்கள் என்ற புகார் 2017-ல் கேரளாவில் பெரிய சர்ச்சையானது. 2021-ல் நடிகர் விஜய் இறக்குமதி செய்த ரோல்ஸ் ராய்ஸ் காரின் நுழைவு வரி வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைப்புச் செய்தி ஆனது. 2025 ஜூலை 24-ம் தேதி இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 100 சதவிகிதத்துக்கு மேல் இருக்கும் கார் இறக்குமதி வரி, குறிப்பிட்ட எண்ணிக்கை வரம்புக்குள் வரும் பிரிட்டிஷ் கார்களுக்கு படிப்படியாக 10 சதவிகிதம் வரை குறையும் என்பது அதில் ஓர் அம்சம்.

அதன்பிறகு ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி, ஆஸ்டன் மார்ட்டின், மெக்லாரன் என்று பிரிட்டிஷ் கார்களின் விலை, வேகம், சொகுசு பற்றிய செய்திகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனா, பணக்காரத்தனத்துக்கே அடையாளமாகிவிட்ட ரோல்ஸ் ராய்ஸ் என்ற பேரில் பாதி, பள்ளிக்கூடத்தைச் சரியாக எட்டிக்கூடப் பார்க்காத ஒரு ஏழைப் பையனுடையது. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒன்பது வயசுல அப்பா இல்லை

ஃபிரெட்ரிக் ஹென்றி ராய்ஸ் பிறந்தது 1863 மார்ச் 27. இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆல்வால்டன் என்ற சின்ன கிராமம்தான் சொந்த ஊர். அஞ்சு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா ஜேம்ஸ் ராய்ஸ் அங்கே மாவு மில் நடத்தினார். தொழில் நொடித்துப்போனதால், குடும்பம் லண்டனுக்கு இடம்பெயர்ந்தது. 1872-ல் அப்பா இறந்துபோனார். ஹென்றிக்கு அப்போ ஒன்பது வயசு.

அதோடு சராசரி பிள்ளைகளின் வாழ்க்கை முடிந்தது. லண்டனின் ரயில் நிலையங்களில் நியூஸ் பேப்பர் விற்றார். பிறகு தபால் அலுவலகத்தில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் பையனாக வேலை. அவருக்கு ஒதுக்கப்பட்ட பகுதி மேஃபேர், லண்டனின் பெரும் பணக்காரர்கள் வாழும் இடம். முறையான பள்ளிப் படிப்பு என்று பார்த்தால் மொத்தமே ஏறத்தாழ ஒரு வருஷம்தான்.

இதில் ஒரு தற்செயல் உண்டு. பின்னாளில் இவருக்குக் கூட்டாளியாகப் போகும் சார்லஸ் ரோல்ஸ், 1877-ல் பிறந்ததும் இதே மேஃபேரில்தான். ரோல்ஸ் பிறந்ததற்கு வந்த வாழ்த்துத் தந்தியை அந்த வீட்டு வாசலில் கொடுத்ததே ராய்ஸ்தான் என்று ஒரு கதை சொல்வார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனா ஒருத்தர் தந்தி கொண்டுபோன தெருக்களில் இன்னொருத்தர் பட்டுத் தொட்டிலில் கிடந்தார் என்பது மட்டும் உண்மை.

அத்தை கொடுத்த 20 பவுண்டு

1878-ல் ஒரு வழி பிறந்தது. அவருடைய அத்தை ஒருவர், வருஷத்துக்கு 20 பவுண்டு கட்டணம் கட்ட முன்வந்தார். பீட்டர்பரோவில் இருந்த கிரேட் நார்தர்ன் ரயில்வே பட்டறையில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார் ராய்ஸ். ஃபைல் பிடிப்பது, லேத்தில் கடைவது, உலோகத்தைப் பொருத்துவது எல்லாம் கையில் படிந்தது அங்கேதான். நேரம் கிடைக்கும்போதெல்லாம் கணக்கும் மின்சாரமும் தானாகவே படித்தார்.

மூணு வருஷத்தில் அத்தையிடம் பணம் தீர்ந்துபோனது. பயிற்சியை முடிக்காமலேயே வெளியே வரவேண்டிய நிலை. லீட்ஸ் நகரில் ஒரு கருவி செய்யும் பட்டறையில் வாரத்துக்கு 54 மணி நேர வேலை, 11 ஷில்லிங் சம்பளம். அங்கிருந்து லண்டனுக்குப் போய் மின்விளக்கு கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். 1882-ல் அந்தக் கம்பெனி அவரை லிவர்பூலுக்கு அனுப்பியது. தெருக்களுக்கும் நாடக அரங்குகளுக்கும் மின்விளக்கு போடும் பணி. மின்சாரம் அப்போ புத்தம் புதுசு. இன்றைக்கு ஏ.ஐ படிச்ச பையன் மாதிரி, அன்றைக்கு மின்சாரம் தெரிஞ்ச ஆள்.

1884-ல் கையில் இருந்த 20 பவுண்டு சேமிப்போடு மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை தொடங்கினார். எர்னஸ்ட் கிளேர்மான்ட் என்ற நண்பர் 50 பவுண்டு போட்டு பங்குதாரர் ஆனார். குக் ஸ்ட்ரீட் என்ற தெருவில் சின்ன இடம். முதலில் செய்தது வீட்டு வாசலில் வைக்கும் காலிங் பெல், விளக்குப் பொருத்திகள். அடுத்து டைனமோ. அதற்கடுத்து துறைமுகங்களுக்கான மின்சார கிரேன். அவருடைய டைனமோவும் கிரேனும் சீக்கிரம் கெட்டுப்போகாது என்று பேர் வாங்கின.

1900-க்குப் பிறகு நிலைமை மாறியது. ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் விலை குறைந்த கிரேன்கள் வந்து இறங்கின. விலையைக் குறைக்க தரத்தைக் குறைக்கலாமே என்று யோசனை வந்தது. ராய்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. வேற ஏதாவது செய்யணும் என்று தேட ஆரம்பித்தார். வேலைப் பளுவில் உடம்பும் முதல் முறையாகப் படுத்துக்கொண்டது.

பிரெஞ்சு காரில் தொடங்கிய பிரிட்டிஷ் பெருமை

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் சுவாரசியமாக இருக்கும். பிரிட்டனின் பெருமை என்று கொண்டாடப்படும் இந்தக் கார், ஒரு பிரெஞ்சு காரில் இருந்துதான் பிறந்தது.

ஏன் பிரெஞ்சு கார்? அந்தக் காலத்தில் கார் தொழிலில் முன்னணியில் இருந்தது பிரான்ஸ்தான். பிரிட்டன் பின்தங்கியதற்கு ஒரு சட்டமும் காரணம். 1865-ல் வந்த சட்டப்படி, குதிரை இல்லாமல் தானாக ஓடும் வண்டிக்கு கிராமப்புறத்தில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல்தான் வேக வரம்பு. வண்டிக்கு முன்னால் ஒரு ஆள் சிவப்புக் கொடியோடு நடந்து போகணும். 1896-ல்தான் இந்தக் கட்டுப்பாடு முழுசாக விலகியது. அதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் எங்கேயோ போய்விட்டார்கள்.

அப்படி ராய்ஸ் வாங்கியது டெகோவில் என்ற பிரெஞ்சு கம்பெனியின் பழைய கார். இரண்டு சிலிண்டர் வண்டி. அன்றைய அளவில் அது நல்ல கார்தான். ஆனாலும் அதன் சத்தம், அதிர்வு, நினைச்ச நேரத்தில் ஸ்டார்ட் ஆகாத குணம் எல்லாம் ராய்ஸைத் தொந்தரவு செய்தது. வேற யாராக இருந்தாலும் காரை விற்றிருப்பார்கள். இவர் பட்டறையில் வைத்து அதை ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார்.

கழற்றிப் பார்த்ததும் ஒரு முடிவுக்கு வந்தார். காரின் அடிப்படை யோசனையில் தப்பு இல்லை, ஒவ்வொரு பாகத்தையும் செய்த விதத்தில்தான் அலட்சியம். இதை இன்னும் நல்லா செய்யலாம். புதுசா எதையும் கண்டுபிடிக்காமல், இருப்பதையே சரியாகச் செய்வது. ராய்ஸின் மொத்த வாழ்க்கையும் இந்த ஒரு வரிதான்.

இரண்டு இளம் பழகுநர்களைக் கூட வைத்துக்கொண்டு இரவு பகலாக வேலை நடந்தது. சாப்பாட்டையே மறந்துவிடுவார், பின்னாலேயே ஒரு பையனை பால் கிளாஸோடு அனுப்ப வேண்டியிருக்கும் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்லிவந்தார்கள். தன்னைப் போலவே மற்றவர்களும் நேரம் காலம் பார்க்காமல் உழைக்கணும் என்று எதிர்பார்த்தார். அது எல்லாருக்கும் சுலபமாக இருக்கவில்லை.

1904 ஏப்ரல் 1-ம் தேதி, 10 குதிரைத் திறன் கொண்ட முதல் ராய்ஸ் கார் குக் ஸ்ட்ரீட் பட்டறையில் இருந்து வெளியே வந்தது. ராய்ஸுக்கு அப்போ வயசு 41. அதே மாதிரி மொத்தம் மூணு கார்கள் செய்யப்பட்டன. ஒன்று அவருக்கு, இன்னொன்று கிளேர்மான்ட்டுக்கு. மூணாவது ஹென்றி எட்மண்ட்ஸ் என்ற பொறியாளருக்கு. வரலாறு திரும்பியது இந்த மூணாவது ஆளால்தான்.

ரோல்ஸ் எப்படி உள்ளே வந்தார்?

எட்மண்ட்ஸுக்கு சார்லஸ் ரோல்ஸ் நல்ல பழக்கம். ரோல்ஸ் பிரபு குடும்பத்துப் பிள்ளை. கேம்பிரிட்ஜில் படித்தவர். கார் பந்தயம், பலூன் பயணம் என்று வேகத்தின் மேல் தீராத காதல். லண்டனில் அவர் நடத்திய கார் விற்பனை நிலையத்தில் இருந்ததெல்லாம் பிரான்ஸின் பனார், பெல்ஜியத்தின் மினர்வா போன்ற வெளிநாட்டுக் கார்கள். விற்பதற்குத் தரமான பிரிட்டிஷ் கார் ஒன்றுகூட இல்லையே என்பது அவருக்குப் பெரிய குறை.

1904 மே 4-ம் தேதி மான்செஸ்டரின் மிட்லண்ட் ஹோட்டலில் இருவரும் சந்தித்தார்கள். ஒருத்தர் 41 வயசு மெக்கானிக், இன்னொருத்தர் 26 வயசு பிரபு வீட்டுப் பிள்ளை. ரோல்ஸ் அந்த இரண்டு சிலிண்டர் காரில் ஏறிப் பார்த்தார். இரண்டு சிலிண்டர் வண்டி இவ்வளவு அமைதியாக ஓடுமா என்று அசந்துபோனார். ராய்ஸ் செய்யும் கார்கள் அத்தனையையும் தானே விற்பதாக ஒப்புக்கொண்டார். அதே வருஷம் டிசம்பர் 23-ல் ஒப்பந்தம். கார்களுக்கு இருவர் பேரையும் சேர்த்து ரோல்ஸ் ராய்ஸ் என்று பெயர். 1906 மார்ச்சில் ரோல்ஸ் ராய்ஸ் லிமிடெட் கம்பெனியாகப் பதிவானது.

அதே 1906-ல் ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்தில், 20 குதிரைத் திறன் ரோல்ஸ் ராய்ஸை ஓட்டி சார்லஸ் ரோல்ஸ் ஜெயித்தார். இன்றைக்கு ரோல்ஸ் ராய்ஸ் என்றால் பின் சீட்டில் உட்கார்ந்து போகும் கார் என்றுதான் நினைப்போம். ஆனா அதற்கு முதல் பேர் கிடைத்ததில் பந்தயத்துக்கும் பங்கு உண்டு.

சத்தமே வராத எஞ்சின், எப்படி சாத்தியம்?

1906 இறுதியில் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் ராய்ஸ் தன் புது காரைக் காட்டினார். 40/50 குதிரைத் திறன், ஆறு சிலிண்டர், 7,036 சிசி எஞ்சின். இதுதான் பிற்பாடு சில்வர் கோஸ்ட் என்று உலகப் புகழ் பெற்றது.

ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் அப்போ ஒரு பெரிய பிரச்சினை இருந்தது. எஞ்சினுக்குள் இருக்கும் கிராங்க் ஷாஃப்ட்தான் பிஸ்டனின் மேலும் கீழுமான அசைவை சுழற்சியாக மாற்றும். ஆறு சிலிண்டர் என்றால் அது நீளமாக இருக்கும். நீளம் கூடினால், ஈரத்துணியைப் பிழிவது போல அது முறுக்கிக்கொண்டு அதிரும். அதிர்வு ஏறினால் உடைந்தே போகும். ராய்ஸின் முந்தைய ஆறு சிலிண்டர் காரிலும் இந்தக் கோளாறு இருந்தது.

அவர் கண்ட தீர்வு மூன்று. ஷாஃப்ட்டைத் தடிமனாக்கினார். ஏழு இடங்களில் பேரிங் வைத்துத் தாங்கினார். எண்ணெய் அழுத்தத்தோடு ஒவ்வொரு பேரிங்குக்கும் போய்ச் சேரும்படி செய்தார். இவற்றில் எதுவுமே மாயாஜாலம் கிடையாது. ஒவ்வொன்றையும் நூலிழை பிசகாமல் செய்ததால், மற்ற கார்கள் உறுமிய இடத்தில் இந்தக் கார் முணுமுணுத்தது.

உலகின் சிறந்த கார்... அந்தப் பட்டம் எப்படி வந்தது?

இங்கேதான் பத்திரிகைகள் கதைக்குள் வருகின்றன. ரோல்ஸ், ராய்ஸ் இருவரைத் தவிர மூணாவதாக ஒருத்தர் இருந்தார். கிளாட் ஜான்சன். கம்பெனியின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர். பிரிட்டனின் முதல் பெரிய கார் சங்கத்தின் செயலாளராக இருந்து, 1900-ல் நாடு முழுக்க ஆயிரம் மைல் கார் ஓட்டத்தை நடத்திக் காட்டிய ஆள். பத்திரிகைகளுக்கு எது செய்தி என்பது அவருக்கு அத்துப்படி.

அப்போதைய கார்கள் வழியில் நின்றுபோவது சர்வ சாதாரணம். அதனால் கார் வாங்க நினைப்பவர்கள் 1895-ல் தொடங்கப்பட்ட தி ஆட்டோகார் போன்ற மோட்டார் பத்திரிகைகளைப் புரட்டிப் பார்ப்பார்கள். வண்டி வேகமாகப் போகுமா என்பதைவிட, போய்ச் சேருமா என்பதுதான் அன்றைய வாசகரின் கேள்வி.

1907-ல் ஜான்சன் ஒரு காரை எடுத்து வெள்ளி நிறம் பூசினார். உலோக பாகங்களுக்கும் வெள்ளி முலாம். வெள்ளி நிறத்தில், பேய் போல சத்தமில்லாமல் வருவதால் சில்வர் கோஸ்ட் என்று பேர் வைத்தார். பதிவு எண் ஏ.எக்ஸ் 201. அந்தக் கோடையில் லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே மாறி மாறி 15,000 மைல், அதாவது சுமார் 24,000 கிலோமீட்டர் ஓடவிட்டார்கள். கார் சங்கத்தின் பார்வையாளர்கள் கூடவே இருந்து குறிப்பெடுத்தார்கள்.

629-வது மைலில் ஒருமுறை கார் நின்றது. அதிர்வில் பெட்ரோல் குழாயின் திருகு மூடிக்கொண்டதுதான் காரணம். அதன்பிறகு மீதி 14,371 மைலும் எந்தக் கோளாறாலும் ஓட்டம் தடைபடவே இல்லை. முடிந்ததும் காரை மொத்தமாகப் பிரித்துத் தேய்மானத்தை அளந்தார்கள். மறுபடி புதுசு போல ஆக்கத் தேவையான பாகங்களின் செலவு ஏறத்தாழ இரண்டு பவுண்டுதான் என்று கணக்கு வந்தது.

விளம்பரத்துக்குச் செய்த ஓட்டம்தான். அதை மறுக்க முடியாது. ஆனா வெளியாட்களைக் கூட வைத்துக்கொண்டு, நின்ற இடத்தையும் செலவையும் வெளிப்படையாகக் காட்டிய விளம்பரம். உலகிலேயே சிறந்த கார் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது இதற்குப் பிறகுதான். 1911-ல் லண்டனில் இருந்து எடின்பரோ போய்த் திரும்பும் பயணம் முழுவதையும் டாப் கியரிலேயே ஓட்டிக் காட்டினார்கள். மேட்டில் கியரைக் குறைக்காமல் ஏறுவது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். 1908-ல் டெர்பியில் புது தொழிற்சாலை. 1907 முதல் இருபது வருஷத்துக்குள் 7,800-க்கும் மேற்பட்ட சில்வர் கோஸ்ட் கார்கள் தயாராகின.

இந்தியாவுக்கு எப்போ வந்தது?

1908-லேயே வந்துவிட்டது. மும்பைக்கும் கோலாப்பூருக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாக நடந்த சோதனை ஓட்டத்தில் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் கலந்துகொண்டது. பேர் பேர்ல் ஆஃப் தி ஈஸ்ட், கிழக்கின் முத்து. மலை ஏற்றங்களைக் கோளாறு இல்லாமல் ஏறி இறங்கிய அந்தக் காரை குவாலியர் மகாராஜா வாங்கிக்கொண்டார். 1911-ல் டெல்லி தர்பாருக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்தபோது அவருடைய பயன்பாட்டுக்கு எட்டு சில்வர் கோஸ்ட் கார்கள் தருவிக்கப்பட்டன. அதற்குப் பிறகு சமஸ்தான மன்னர்களுக்குள் ரோல்ஸ் ராய்ஸ் வாங்குவதில் போட்டியே நடந்தது.

இந்த இடத்தில் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு கதை ஞாபகம் வரும். லண்டன் ஷோரூமில் அவமானப்பட்ட இந்திய மகாராஜா, ரோல்ஸ் ராய்ஸ் கார்களை வாங்கிவந்து குப்பை அள்ள விட்டார் என்ற கதை. சிலர் அல்வர் மன்னர் என்பார்கள், சிலர் பாட்டியாலா மன்னர் என்பார்கள், இன்னும் சிலர் ஹைதராபாத் நிஜாம் என்பார்கள். சொல்பவருக்குத் தகுந்த மாதிரி மன்னர் மாறுவதே இதை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு முதல் அறிகுறி. நம்பகமான ஆதாரம் இதுவரை முன்வைக்கப்படவில்லை. அடிமைப்பட்டிருந்த நாட்டின் ரோஷத்துக்கு ஒரு கதை தேவைப்பட்டது, அது இப்படி வளர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

காரின் முன்னால் சிறகு விரித்து நிற்கும் சிலைக்கும் இந்தியாவோடு ஒரு சோகமான தொடர்பு உண்டு. 1911-ல் சார்லஸ் சைக்ஸ் என்ற சிற்பி வடித்தது அது. எலினார் தார்ன்டன் என்ற பெண்தான் அதற்கு மாடல் என்று பரவலாகக் கருதப்படுகிறது. மோட்டார் பத்திரிகை நடத்திய மான்டேகு பிரபுவின் செயலாளர் அவர். 1915 டிசம்பர் 30-ல் பிரபுவோடு இந்தியாவுக்குப் பயணம் செய்துகொண்டிருந்தபோது, பெர்ஷியா என்ற அந்தக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மத்தியதரைக் கடலில் தாக்கி மூழ்கடித்தது. பிரபு உயிர் பிழைத்தார். எலினார் இறந்துபோனார்.

கூட்டாளி போனார், உடம்பும் போனது

சார்லஸ் ரோல்ஸுக்கு கார் அலுத்து, விமானத்தின் மேல் ஆசை வந்தது. 1910 ஜூனில் ஆங்கிலக் கால்வாயை நிற்காமல் விமானத்தில் கடந்து திரும்பி வந்த முதல் ஆள் ஆனார். அடுத்த மாதமே, ஜூலை 12-ல், போர்ன்மவுத்தில் நடந்த விமானக் காட்சியில் அவரது விமானத்தின் வால் பகுதி முறிந்து விழுந்ததில் உயிரிழந்தார். வயசு 32. எஞ்சின் வைத்த விமான விபத்தில் இறந்த முதல் பிரிட்டிஷ்காரர் அவர்தான்.

மறு வருஷம் ராய்ஸ் விழுந்தார். பல வருஷமாகச் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் உழைத்ததற்கு உடம்பு வட்டியோடு கணக்கு கேட்டது. பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. இன்னும் சில மாதங்கள்தான் என்று டாக்டர்கள் கையை விரித்தார்கள். ஜான்சன் அவரைக் காரில் வைத்து தெற்கு பிரான்ஸுக்கு அழைத்துப்போனார். கடலோரம் லெ கனடெல் என்ற ஊர் ராய்ஸுக்குப் பிடித்துப்போனது. அங்கேயே வீடு கட்டி, குளிர்காலத்தை அங்கே கழித்தார். கோடையில் தெற்கு இங்கிலாந்து. 1917 முதல் சசெக்ஸ் கடலோரம் வெஸ்ட் விட்டரிங் கிராமம். மனைவி மின்னியுடன் வாழ்க்கை ஒட்டவில்லை. நர்ஸ் எத்தல் ஆபின்தான் கடைசி வரை அவரைப் பார்த்துக்கொண்டார்.

தொழிற்சாலைக்குப் போனால் மறுபடி வேலையில் மூழ்கிச் செத்துவிடுவார் என்பதற்காகவே, டெர்பியில் இருந்து அவரைத் தள்ளி வைத்தார்கள். இன்று நாம் வொர்க் ஃபிரம் ஹோம் என்று சொல்வதை இவர் அப்பவே செய்தார். வரைபடங்களை வீட்டிலேயே வரைந்து டெர்பிக்குத் தபாலில் அனுப்புவார். அங்கே பாகத்தைச் செய்து, சோதித்து, முடிவை எழுதி அனுப்புவார்கள். பிடிக்கவில்லை என்றால் மறுபடி வரைவார். இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது.

காரில் இருந்து ஆகாயத்துக்கு

முதல் உலகப் போரின்போது ராய்ஸ் விமான எஞ்சின் பக்கம் திரும்பினார். அவர் வடிவமைத்த ஈகிள் எஞ்சின் இரண்டைப் பொருத்திய விமானத்தில்தான், 1919-ல் ஆல்காக்கும் பிரவுனும் அட்லான்டிக் கடலை முதன்முதலாக நிற்காமல் பறந்து கடந்தார்கள்.

1929-லும் 1931-லும் ஷ்னைடர் டிராஃபி என்ற கடல்விமானப் பந்தயத்தில் பிரிட்டன் ஜெயித்தது ராய்ஸின் ஆர் என்ற எஞ்சினால். வெஸ்ட் விட்டரிங் கடற்கரை மணலில் கைத்தடியால் அந்த எஞ்சினின் முதல் படத்தை ராய்ஸ் வரைந்தார் என்று ஒரு கதை உண்டு. 1931 செப்டம்பரில் அதே எஞ்சின் பொருத்திய விமானம் மணிக்கு சுமார் 655 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு உலக சாதனை படைத்தது.

1930-ல் அவருக்கு பேரனெட் பட்டம் கிடைத்தது. அது காருக்காக இல்லை, விமானத் துறைக்கு அவர் செய்ததற்காக. 1931-ல் நஷ்டத்தில் தவித்த போட்டி கம்பெனியான பென்ட்லியையும் ரோல்ஸ் ராய்ஸ் வாங்கிவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் ராய்ஸ் தன்னை மெக்கானிக் என்று சொல்லிக்கொள்வதையே விரும்பினார்.

1933 ஏப்ரல் 22-ல், 70 வயதில், வெஸ்ட் விட்டரிங்கில் காலமானார். படுக்கையில் கிடந்தபடி காரின் ஷாக் அப்சார்பருக்கு ஒரு மாற்றத்தை வரைந்து அனுப்பினார், அது டெர்பிக்குப் போய்ச் சேரும் முன்பே அவர் போய்விட்டார் என்று சொல்வார்கள். அவர் மறைந்த அதே வருஷம் அக்டோபரில் முதல் முறையாக ஓடிய எஞ்சின்தான் மெர்லின். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் வானத்தைக் காத்த ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களின் இதயம் அதுதான். அதன் வெற்றியைப் பார்க்க ராய்ஸ் இல்லை. அவருடைய அஸ்தி இப்போது பிறந்த ஊரான ஆல்வால்டன் தேவாலயத்தில் இருக்கிறது.

இப்போ இந்தக் கம்பெனி யாருடையது?

கார் பிரிட்டிஷ், முதலாளி? இங்கேதான் பலருக்குக் குழப்பம் வரும். 1971-ல் ஒரு புதிய ஜெட் எஞ்சினுக்கு அளவுக்கு மீறிச் செலவழித்ததில் ரோல்ஸ் ராய்ஸ் திவால் ஆனது. அரசு கையில் எடுத்தது. கார் பிரிவும் விமான எஞ்சின் பிரிவும் தனித்தனி கம்பெனிகளாகப் பிரிந்தன. இப்போது ஏர் இந்தியாவின் ஏ350 விமானத்தில் பறந்தால், நீங்களும் ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சினில்தான் பறக்கிறீர்கள். ஆனா அது வேற கம்பெனி.

கார் பக்கம் பார்த்தால், ரோல்ஸ் ராய்ஸ் கார் இப்போ ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ கையில். 2003 முதல் சசெக்ஸில் இருக்கும் குட்வுட் என்ற இடத்தில் தயாராகிறது, ராய்ஸ் கடைசியாக வாழ்ந்த அதே பகுதி. பென்ட்லி ஃபோக்ஸ்வாகனுக்குச் சொந்தம். ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் 2008 முதல் நம்ம ஊர் டாடாவுடையது. ஆக, பிரிட்டிஷ் கார் என்று நாம் சொல்வது இப்போது முதலாளியின் நாட்டைக் குறிப்பதில்லை. செய்யும் இடத்தையும் செய்யும் விதத்தையும்தான் குறிக்கிறது.

அந்தக் கம்பெனியின் முழு மின்சாரக் காரான ஸ்பெக்டர், 2024 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தது. அப்போது அதன் விலை ஏழரை கோடி ரூபாய். சத்தமே இல்லாத கார் என்று மோட்டார் பத்திரிகையாளர்கள் அதை விமர்சனம் செய்கிறார்கள். காலிங் பெல்லும் டைனமோவும் செய்து வாழ்க்கையைத் தொடங்கிய மின்சாரக்காரர் ராய்ஸ், சத்தம் இல்லாத காருக்காகத்தான் தன் உடம்பையே கொடுத்தார். ஒரு வகையில் வண்டி புறப்பட்ட இடத்துக்கே வந்திருக்கிறது.

அவர் கதையில் அப்படியே பின்பற்றக் கூடாத பகுதியும் இருக்கு. சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டு உழைத்தவர், வாழ்க்கையின் கடைசி இருபது வருஷத்தில் தன் சொந்தத் தொழிற்சாலையில் இருந்து விலகியே இருக்க வேண்டியதாயிற்று. அந்தப் பேருக்கு அவர் கொடுத்த விலை அது.

அடுத்த முறை நோணாங்குப்பம் சாலையில் அந்தச் சிறகு விரித்த சிலையோடு ஒரு கார் கடந்து போனால், உள்ளே உட்கார்ந்திருப்பவர் யார் என்று எட்டிப் பார்ப்போம். அது இயல்புதான். ஆனா காரில் இருக்கும் அந்த இரண்டாவது பேர் பின்சீட்டுக்காரருடையது இல்லை. அதே சாலை ஓரத்தில், கையெல்லாம் கிரீஸோடு, பழைய பைக் எஞ்சினைப் பிரித்துப்போட்டு எங்கே தப்பு என்று தேடிக்கொண்டிருக்கும் ஒரு பையன் இருப்பான் இல்லையா? அந்தப் பேர் அவன் மாதிரி ஒருத்தருடையது.